நீலக்காலிக்கு இரண்டு பெயர்

பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது சிவகாமசுந்தரியின் வேலை. வீட்டில் அவள் பார்ப்பது டாரன்டுலா சிலந்திகளின் படங்கள். சிங்கப்பூரில் அவற்றை வளர்க்க அனுமதியில்லை என்பதால், வெளிநாட்டில் வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் சேர்ந்திருந்தாள்.

அங்கே மூன்று வாரமாகச் சண்டை. அறிவியல் பெயர் சூட்டப்படாத ஒரு சிலந்தியை ஒருவர் ‘நீலக்காலி’ என்று விற்றார். தன்னிடம் இருப்பது வேறு இனம், ‘பழுப்பு ராணி’ என்றார் இன்னொருவர்.

“நம்ம வீட்டுல இல்லாத பூச்சிக்கு நீ ஏன் சண்டைக்குப் போற?” என்றார் கணவர் தனசேகரன்.

“சண்டை இல்லைங்க. ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்குறேன் லா.”

இரண்டு பெண் சிலந்திகளும் முன்பு உரித்த தோலின் உட்புறப் படங்களைக் கேட்டு வாங்கினாள். இனத்துக்கு இனம் மாறும் கருப்பைப் பக்கத்துச் சிறு பை, இரண்டிலும் அச்சாக ஒன்றுபோல் இருந்தது. ‘ராணி தோலுரித்து எவ்வளவு நாளாச்சு?’ என்று கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் என்று பதில் வந்தது. தோல் பழசானால் நீலம் மங்கிப் பழுப்பாகத் தெரியலாம் என்று சொல்லி, அடுத்த முறை உரிக்கும்வரை பொறுக்கச் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் ராணி தோலுரித்தது. கால்கள் பளிச்சென்று நீலம்.

குழுவினர் சிலந்திக்கு அவள் பெயரையே வைக்கலாம் என்றார்கள். அவள் மறுத்து, அதை எங்கே பிடித்தார்கள் என்று கேட்டாள். இருவருக்கும் விற்ற இடைத்தரகர் போர்னியோவில் ஓர் ஆற்றின் பெயரை எழுதி அனுப்பினார். அறிஞர்கள் பெயர் சூட்டும்வரை அந்த ஆற்றின் பெயராலேயே அழைப்பதென்று முடிவானது.

அன்று மாலை தனசேகரனும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரைபடத்தில் அந்த ஆற்றைத் தேட உட்கார்ந்தார்.