டிக்கியில் கேட்ட சத்தம்

ஆசைக்கு வைத்திருக்கும் என் பழைய காரின் பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. ஞாயிறு காலை ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் ஸ்பிரிங் இரண்டையும் நானே மாற்றினேன். கை கழுவக்கூடப் பொறுமையில்லை. மனைவியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சேலையூர் பக்கம் ஓட்டினேன். முதல் வேகத்தடையிலேயே பின்னால் டொக் என்றது. திரும்பி வந்து வண்டியை மறுபடி அதன்மேல் ஏற்றினேன். மறுபடி டொக். ஐந்தாம் தடவை, எல்லாவற்றையும் கழற்றி எறியப்போவதாகக் கத்தினேன்.

"கழட்டுன பழைய ஸ்பிரிங்க டிக்கிலதானே போட்டீங்க?" என்றாள்.

ஓரங்கட்டி, அவற்றை எடுத்து அவள் காலடியில் வைத்தேன். அதன்பின் சத்தமே இல்லை.

சாயங்காலம் சாவியை எடுத்தேன்.

"இப்ப எங்க?"

"முன்னாடி ஏதோ சத்தம் கேக்குது."

வண்டி மதியத்திலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது.