பாய் கொடுத்த காந்தம்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. எழுந்தது 5.10. பால் வந்தது 5.35. அப்பாவின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது 5.40. கோயில் குளத்தை இரண்டு சுற்று நடந்தேன், லேசான தூறல். மயிலாப்பூரில் பஸ் ஏறி அடையாறு ஆபீஸில் நுழைந்தபோது 8.55. அன்றைய டைரிப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. பக்கத்தின் கடைசியில், “காந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன், பாதுகாப்புக்காக” என்று ஒரு வரி. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய, உள்ளங்கை அகலக் கறுப்பு வளையம் அது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று நான் எழுதவில்லை. அதை எனக்குக் கொடுத்த பாயிடமிருந்துதான்.

எங்கள் நிறுவனம் ட்ரோன்களுக்கு ஃப்ளைட் கண்ட்ரோலர் செய்கிறது. ட்ரோன் எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு சாய்கிறது என்று நொடிக்கு நொடி கணக்கிடும் சின்ன போர்டு அது. ட்ரோனின் மூளை என்றால் எல்லோருக்கும் புரியும். வெளியிலிருந்து வரும் பொருளையெல்லாம் சரிபார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. கீழ்த்தளத்தில் என் மேசை. பொறியாளர்களும் சோதனை அறையும் மாடியில். என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட மாடி ஏறாது.

பாய் தி.நகரில், ஒரு சந்துக்குள் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்தில் அது வாட்ச் ரிப்பேர் கடை. ஸ்க்ரூ, கம்பி, கனெக்டர் என்று ஒரு போர்டுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பாக்கெட்டில் போட்டுத் தருவதாக எங்களோடு கூட்டு ஏற்பட்டது. அதற்காகக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தார். பாக்கெட் போட மூன்று பெண்களை அமர்த்தினார். கை போதவில்லை என்று பழைய வாடிக்கைகளில் பாதியை விட்டுவிட்டார். ஒரே வாடிக்கையை நம்பி இத்தனை செய்பவருக்கு வேறு ஏதோ கணக்கு இருக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

போர்டில் திசைகாட்டி சென்சார் ஒன்றும், அதை ஒட்டி, பக்கத்துச் சிப்பை மூடிய சின்னத் தகர மூடி ஒன்றும் உண்டு. அந்த மூடியைக் கணக்கில் வைத்தே சென்சாரைச் சரிசெய்திருப்பார்கள். சென்சார் அருகே வேறு இரும்பு வந்தால் வடக்கு எது என்று அது குழம்பிவிடும். அதனால் ஸ்க்ரூ எல்லாம் பித்தளையாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் சரக்கு வந்த அன்று நான் ஸ்க்ரூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, பாய் பையிலிருந்து அந்தக் காந்தத்தை எடுத்தார். எடுக்கும் முன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அறையின் மறுகோடியில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தார். அதை ஒரு நாடகமாகவே பார்த்தேன்.

“இந்தாங்க சார். ஒட்டிச்சின்னா இரும்பு, ஒட்டலன்னா பித்தளை. சந்தேகம் வந்தா என்னைக் கேக்கத் தேவல, இத்தக் கேளுங்க” என்றார்.

சந்தேகப்படுபவன் கையில் தானே கருவி கொடுக்கிறவரை நான் இரட்டிப்பாகச் சந்தேகித்தேன். முதல் இரண்டு மாதம் பாக்கெட்டுக்குப் பத்து ஸ்க்ரூ மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, காந்தத்தை இழுப்பறையில் போட்டுவிடுவேன். ஒன்றும் ஒட்டவில்லை. பத்து போதாது என்று ஐம்பது பார்த்தேன். பிறகு மாடியிலிருந்து புகார் வரத் தொடங்கியது. சில போர்டுகள் வடக்கைத் தள்ளிக் காட்டுகின்றன. பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது என்றார்கள். நான் பாக்கெட் முழுவதையும் கொட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவாகச் சோதித்தேன். அப்போதும் ஒன்றும் ஒட்டவில்லை. கெட்டிக்காரர், எங்கோ மறைக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். நாள் முழுக்கச் சோதித்தேன். புகார் கூடியது. மைத்துனி மகள் கல்யாணத்துக்கு நான் விடுப்பு எடுத்த இரண்டு நாளும் எல்லா போர்டுகளும் தேறின. “நான் இல்லாத நாளில் நல்ல சரக்கு. ஏன்? விசாரிக்க வேண்டும்” என்று அதையும் எழுதினேன்.

நிறுவனத்தை நடத்தும் மேடம் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். “உங்க ரிப்போர்ட்தான் சார். புதன்கிழமை பத்து மணிக்குக் கொடுங்க. தப்பு பாய் பக்கம்னா கூட்டை முடிச்சுக்கலாம்” என்றார். செவ்வாய் மதியம் ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். தப்பு பாய் பக்கம்தான் என்று எழுதியிருந்தேன்.

நான்கு மணிக்கு பாய் வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

“இன்னா சார், எம்மேல சந்தேகமாமே?”

“எனக்கு எல்லார் மேலயும் உண்டு பாய்.”

“அதான் பாத்துக்கினே கீறேனே. டீயக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கறீங்க” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என் மேசையைப் பார்த்தார். இடப்பக்கம் மாடிக்குப் போகவேண்டிய போர்டுகள் அடுக்கிய தட்டு. வலப்பக்கம் ஸ்க்ரூ பாக்கெட்டுகள். நடுவில், தட்டை ஒட்டி, காந்தம். அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டுபோய் ஜன்னல் கட்டை மேல் வைத்தார்.

“வாட்ச் கடைக்காரன் புள்ள சார் நானு. இத்த நாங்க பட்டறை மேல வெக்க மாட்டோம். ரிப்போர்ட்ல இன்னா வேணாலும் எழுதுங்க. இத்த மட்டும் இங்க வெக்காதீங்க.”

அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தேன். சோதிக்கும் கருவியை என் கைக்கெட்டாமல் வைக்கப் பார்க்கிறார். நாளைக்குள் மாற்றியும் வைக்கலாம். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அதை டைரி மேல் வைத்தேன். பக்கத்தில் அப்பாவின் கடிகாரம். அதைப் பார்த்துத்தான் டைரியில் நேரம் எழுதுவது என் பழக்கம். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதோ என்று கேட்டேன்.

“உப்புலயும் சந்தேகமா? ஒரு நாளாவது யாரையாவது நம்பிண்டு சாப்பிடுங்கோளேன்” என்றாள் மனைவி. மேசையைத் துடைக்கப் போனவள், “ஏன்னா, கடியாரம் நின்னு போச்சே. சாவி கொடுக்கலையா?” என்றாள்.

கொடுத்திருந்தேன். 5.40. எழுதியே இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் எட்டேகால். அப்பாவின் கடிகாரத்தில் 7.52. காந்தத்தை நான் டைரி மேல் வைத்த நேரம் ஏறக்குறைய அதுதான்.

டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். பாக்கெட் முழுவதும் சோதித்த நாட்கள், மாடியிலிருந்து புகார் வந்த நாட்கள். இரண்டையும் நானே, ஒரே பேனாவால், அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருந்தேன். நான் இல்லாத இரண்டு நாள் காந்தம் இழுப்பறையில் இருந்திருக்கிறது. சென்சாரை ஒட்டிய தகர மூடிக்கு, நாள் முழுக்கப் பக்கத்தில் கிடந்த காந்தம் தன் குணத்தை ஏற்றியிருக்கிறது. பாயின் பொருளை எத்தனைக்கெத்தனை சந்தேகித்தேனோ, அத்தனைக்கத்தனை எங்கள் பொருளைக் கெடுத்திருக்கிறேன்.

அந்தக் காந்தம் இப்போது சமையலறையில், ஃப்ரிட்ஜ் கதவில், பால் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கடிகாரம் இருக்கும் அறைக்குள் அதை விடுவதில்லை. பாயின் பாக்கெட்டுகள் இன்றும் வருகின்றன. பாக்கெட்டுக்குப் பத்து ஸ்க்ரூவை இன்றும், ஜன்னலருகே தனி மேசையில், எடுத்துப் பார்க்கிறேன். சந்தேகம் எங்கும் போய்விடவில்லை. பார்க்க ஆரம்பிக்கும் முன் என் மேசை மேல் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் அன்று இரவு, காந்தம்தான் காரணம் என்பது வெறும் ஊகம். மூடியை மாற்றிச் சோதித்துப் பார்த்த பிறகே சொல்வது என் முறை. சோதனை முடிவதற்குள் பத்து மணி ஆகிவிடும். ரிப்போர்ட் மேடத்தின் கைக்குப் போய்விடும். தப்பு என்னுடையது என்று சொன்னால் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு இருக்குமா என்பதும் தெரியாது.

மறுநாள் 5.10க்கு எழுந்தேன். பால் வரும்வரை காத்திருக்கவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன்.

“அந்த ரிப்போர்ட் வேண்டாம் மேடம். தப்பா எழுதிட்டேன்.”

“ஸ்க்ரூல தப்பு இல்லையா?” தூக்கம் கலையாத குரல். “அப்ப தப்பு யாரோடது சார்?”

“காந்தம் பாயோடது மேடம்” என்றேன். “வச்ச இடம் என்னோடது.”