மீன்குடல் வாயுவும் தலைப்பிரசவமும்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தூத்துக்குடியில் எல்லோரும் நடக்கப் பழகினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், பெட்ரோலுக்குப் பதில் ஒன்றைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவர். மாமனார் விட்டுப்போன பழைய கார் ஒன்று கொட்டகையில் நின்றது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தது என் தலையெழுத்து.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போக ஏரலிலிருந்து அம்மா, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்த வாயுவில் ஓடிய பஸ்ஸில் வந்தாள்.

"கரிவாயு பஸ்லயா? அடுப்ப முதுகுல கட்டிக்கிட்டு ஓடுத வண்டியில இவள அனுப்ப மாட்டேன். ஒம்பதாம் மாசம் நானே கார்ல கொண்டாந்து விடுதேன், அத்தை" என்றார் என் வீட்டுக்காரர்.

படித்த மாப்பிள்ளை சொன்னால் வேதவாக்கு. அம்மா தனியாகத் திரும்பினாள். வலி வரும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "கார் ஓடட்டும்" என்றார்.

கொல்லையில் குழி வெட்டி, மூடி போட்டுக் குழாய் இறக்கினார். சாணம் புளித்து வரும் வாயுவை நீராவியோடு சேர்த்து, பழுக்கக் காய்ந்த நிக்கல் தூள்மேல் விட்டால் வேறு வாயுவாகுமாம்; அதிலிருந்து காரை ஓட்டும் ஒருவகைச் சாராயம் இறக்கலாமாம். அந்த நிக்கலுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர்.

"அது ஒண்ணும் ஆகாது, ஏளா. சும்மா பக்கத்துல இருக்கும். அது இருக்கதுனாலயே மத்த ரெண்டும் மாறிரும்" என்று விளக்கினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாசரேத்தில் இருக்கும் என் நாத்தனார் அந்த ஜாதி. ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டாள். வந்து உட்கார்ந்தால் போதும், வீட்டில் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள்.

ஆனால் சாணத்துக்கு எங்கே போவது? மாடு வைத்திருந்தவர்களுக்கு வறட்டி தட்டவே போதவில்லை. கடலோரத்து மூளை வேறெங்கே போகும்! திரேஸ்புரத்திலிருந்து கூடை கூடையாக மீன்குடல் வந்து குழியில் விழுந்தது.

"இத நாய்கூட மோந்து பாக்காது. சாருக்கு எதுக்கு தாயி?" என்று கூடைக்காரி கேட்டாள்.

"காருக்கு" என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனாள்.

வாயு தாராளமாகவே வந்தது. கூடவே அழுகின முட்டை நாற்றமும் வந்து, தெருவே சன்னலைச் சாத்திக்கொண்டது. நிக்கல் ஒருநாள் ஏதோ வேலை செய்தது, மறுநாள் கட்டையாகிவிட்டது. புதுத்தூள் போட்டார், அதற்கும் அதே கதி. ஒன்பதாம் மாதமும் பிறந்தது. பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். "இந்த ஞாயித்துக்கெழம பாரு" என்றார். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னார். குழியில் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

ஞாயிறு வருமுன் வலி வந்துவிட்டது. மருத்துவச்சி வந்து பெண்பிள்ளையை எடுத்துப் போட்டாள். தகவல் போய், அம்மா மறுநாள் அதே கரிவாயு பஸ்ஸில், முகமெல்லாம் கரியோடு வந்து இறங்கினாள். இவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன், அத்தை. மீன்குடல்ல கந்தகம் ஜாஸ்தி. அதுதான் நிக்கலக் கெடுத்துட்டு. கந்தகத்த வடிகட்டிட்டா போதும், அடுத்த பிரசவத்துக்குள்ள சரியாயிரும்."

அம்மா அவரைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையைக்கூட அப்புறந்தான் பார்த்தாள்.

"வலி வந்தப்ப யாரு ஏளா ஒன் கையப் பிடிச்சா?"

"ஒருத்தரும் இல்லம்மா" என்றேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.