இன்னும் கொஞ்சம் சத்தமாக

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தொட்டியில் போடக் கூடாது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக வந்து சேர்ந்த புதிதில் எனக்கு அது தெரியாது. தெருமுனையில் கண்ணாடிக்கென்றே ஒரு பெரிய இரும்புத் தொட்டி வைத்திருக்கிறார்கள். காலியான ஊறுகாய் பாட்டிலை அதற்குள் போட்டேன். சளீரென்று உடைந்தது. எதிர்மாடி ஜன்னல் திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்றைக்கு ஞாயிறு!" என்றார். "ஆமாம், எனக்கும் லீவுதான்" என்று சிரித்துக்கொண்டே கையசைத்தேன். ஜன்னலைப் படாரென்று சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சத்தமே எழுப்பக் கூடாது, வாரநாட்களிலும் மதியத்தில் அடக்கி வாசிக்க வேண்டும் என்று உடன் வேலை செய்யும் பெண்தான் மறுநாள் விளக்கினாள்.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டியில், நூல் மில்லின் மதில் சுவரை ஒட்டிய வரிசை வீட்டு வளவுக்குள். மூன்று ஷிஃப்டும் ஓடுகிற மில். அம்மா அங்கே நூற்பு மிஷின்களுக்கு நடுவில் நடந்து நடந்தே என்னை வளர்த்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். அந்த உறுமலுக்குள்தான் படித்தேன், தூங்கினேன். அப்படிப்பட்ட எனக்கு எஸ்ஸனின் அமைதி மருந்தாக இல்லை. படுத்தால் என் காதுக்குள் ஓடும் ரத்தமே கேட்டது. தூக்கமில்லாமல் வார்டில் நிற்கும்போது கால் தடுமாறியது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

அம்மாவிடம் சொல்லி அழவும் வழியில்லை. மில் அவள் காதைத் தின்றிருந்தது. ஆண்கள் அடித்தொண்டையில் பேசினால் கொஞ்சம் பிடிபடும். என் குரல் மெல்லியது, ஃபோனில் இன்னும் மெலிந்துவிடும். நான் என்ன சொன்னாலும் "சரிட்டி, சரிட்டி, சாப்பிட்டியா?" என்பாள். காதுக்கு மிஷின் வைத்துக்கொள் என்றால், "ஊரு சிரிக்கவா?" என்பாள்; அது மட்டும் எப்படியோ அவளுக்குக் கேட்டுவிடும். எங்கள் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளிருந்து அந்த உறுமல் வந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் கை வைத்தேன். அதிர்ந்தது. அங்கே குடியிருப்பவர் மத்தியாஸ். டிராம் பணிமனையில் பிரேக் சரிபார்க்கிறவர், எப்போதும் கறுப்புச் சட்டை, மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. போய்க் கதவைத் தட்டினேன். என் ஈரக் கையையும் வெங்காயக் கண்ணீர் வழியும் முகத்தையும் பார்த்ததுமே, "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்றார். நான் ஜெர்மனில், "தயவுசெய்து இன்னும் சத்தமாக" என்றேன். அவர் உள்ளே ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தார். "இல்லை, இன்னும் சத்தமாக!" என்றேன் மறுபடி. அவர் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நீங்கள் சொல்ல நினைக்கும் சொல் வேறு. 'இன்னும் மெதுவாக' என்று சொல்ல வேண்டும்" என்று இலக்கணம் திருத்தினார். வேறு வழியில்லாமல் நான் உள்ளே நுழைந்து அவருடைய ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து நின்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

அது இசை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. டார்க் ஆம்பியன்ட் என்றார், இண்டஸ்ட்ரியல் என்றார். பாட்டில்லை, ராகமில்லை, தாளம் இருந்தாலும் அது ஏதோ இரும்பு இரும்பில் மோதுவதாகத்தான் இருந்தது. இதைச் செய்கிறவர்களில் பலர், மத்தியாஸையும் சேர்த்து, பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வீட்டிலேயே பதிவுசெய்து, இந்தக் காலத்திலும் கேசட்டில் போட்டு, தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கிறார்கள். கடையில் கிடைக்காது, ரேடியோவில் வராது. மத்தியாஸ் நாலைந்து கேசட்டும் கேட்பதற்கு ஒரு பழைய பிளேயரும் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் திரும்பியது.

பிறகு ஒரு ஞாயிறு மாலை, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டடம் ஒன்றில் கச்சேரிக்குக் கூட்டிப்போனார். அத்தனை பேரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். நான் மாம்பழ மஞ்சளில் சுடிதார் போட்டுப் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்தோம். நரைமுடிப் பெண் ஒருத்தி ஒரு தகரத் தகட்டை வயலின் வில்லால் இழுத்தாள். அது மெல்ல மெல்லப் பெருகி ஹால் முழுக்க நிறைந்தது. ஆடி மாதத்தில் கரிசல் காட்டின்மேல் காற்று அடங்காமல் இரைந்துகொண்டு வருமே, அதுபோல. பயமாக இருக்குமென்று மத்தியாஸ் எச்சரித்திருந்தார். நான் தூணில் சாய்ந்து தூங்கிப்போனேன். விழித்தபோது கச்சேரி முடிந்திருந்தது. வெட்கத்தோடு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் இசையில் தூங்கும் அளவுக்கு யாரும் என்னை நம்பியதில்லை" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். எனக்கு இசை வாய்த்த கதையை அம்மாவின் காதருகே குனிந்து கத்திச் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்றுதான் நினைத்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த இரைச்சல்லதான் எங்காது போச்சு. எம்பிள்ள அங்கன கால வைக்கக் கூடாதுன்னுதான நர்சுக்குப் படிக்க வச்சேன். நீ என்னன்னா டிக்கெட்டு வாங்கி அதயே கேக்குதியாக்கும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நாங்கள் தரையில் உட்கார்ந்து கண்மூடி ரசித்த ஒன்றை அவள் வருடக்கணக்காக நின்றுகொண்டே தாங்கியிருக்கிறாள். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே என் ஹெட்ஃபோனைச் சுட்டி, "என்னதான் இருக்கு அதுல, போடு பாப்போம்" என்றாள். சத்தத்தைக் குறைத்தே வைத்துக் காதில் மாட்டிவிட்டேன். முதலில் முகம் சுளித்தாள். பிறகு சுளிப்பு மறைந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில என்னமோ உருளுது. அதுக்கு உள்ள ஒரு கதவு தொறக்குது. இப்ப நின்னுட்டு... ஏட்டி, எல்லாங் கேக்குது!"

அவள் காது இழந்தது மேல் சுருதிகளை. அடிச்சுருதி அவளிடமே இருந்தது. நர்ஸாக இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. மனிதப் பேச்சைவிட இந்த இசைதான் அவளுக்கு முழுதாகக் கேட்டது. பல வருடங்களுக்குப் பிறகு, எதையும் யூகிக்காமல், யார் வாயையும் பார்க்காமல், அவள் ஒன்றை முழுக்கக் கேட்டாள். "மில்லு மாதிரிதான் இருக்கு. ஆனா இத நாம நெனச்சா நிறுத்திக்கிடலாம் பாரு" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பிறகு இருவரும் கடலைமிட்டாய் தின்றோம்.

நான் சொல்லியிருந்த கயத்தாறு பக்கத்துக் காற்றாலையில் சத்தம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்தியாஸ் தன் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டிருந்தார். அம்மாவும் கூடவே ஆட்டோவில் ஏறிவிட்டாள். காவலுக்கு இருந்தவர், "ரீல்ஸ் எடுக்கியளாம்மா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, சத்தம் பிடிக்க வந்திருக்கோம்" என்றேன்.

"சத்தத்தயா? நல்லாப் பிடிச்சிட்டுப் போங்க. எங்களுக்கு நிம்மதி" என்று வழிவிட்டார்.

வெடித்துக் கிடந்த கரிசலின்மேல் நின்று, அம்மா அந்த ராட்சசத் தூணில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். நான் ரெக்கார்டரைத் தூணடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். திரும்பும் வழியில் அவளே கேட்டாள்: "அந்தக் காதுமிஷினு வச்சா ஒம்பேச்சும் இப்பிடிக் கேக்குமாட்டி?" மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். காது டாக்டர் சோதித்துப் பார்த்து மிஷின் பொருத்தினார். இப்போதெல்லாம் நான் எஸ்ஸனிலிருந்து ஃபோன் செய்து பழக்கதோஷத்தில் கத்தினால், "ஏட்டி, கத்தாத. கேக்குது" என்கிறாள். நாங்கள் சண்டைகூடப் போடுகிறோம். எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா!

போன மாதம் மத்தியாஸ் அந்தப் பதிவைச் சேர்த்து ஒரு நீளமான உருப்படி செய்து அதே சுரங்கக் கட்டடத்தில் வாசித்தார். முன்கூட்டிக் கேட்க வேண்டாம், அங்கேயே கேள் என்று சொல்லிவிட்டார். கறுப்பு உடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். கயத்தாற்றுக் காற்று அந்த ஜெர்மானியச் சுவர்களில் மோதிச் சுழன்றது. இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் இறங்கி ஏறின. அப்போது அந்த உறுமலுக்கு உள்ளேயிருந்து, தூரத்தில், அம்மாவின் குரல் வந்தது. ரெக்கார்டரில் அது விழுந்திருந்தது எனக்கே தெரியாது.

"ஏட்டி, எங்கன நிக்க? வா, வீட்டுக்குப் போவோம்."

ஹாலில் வேறு யாருக்கும் அது மொழியில்லை, இன்னொரு ஒலி. கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன், எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல்.