திரைச்சீலையில் பிடித்த தீ

கே.கே. நகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பேச்சியம்மாளுக்குச் சில வருடங்களாகத் தீபாவளி என்றாலே பயம். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த கணவர் சிதம்பரநாதனுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் பொழுது போகிறது. கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பண்டிகையன்று மட்டும் மதியமே வீடு திரும்பி, சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துவிடுவாள். புகை அவருக்கு ஆகாது.

போன தீபாவளிக்கு, விளக்கேற்றும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் நின்றதும் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். அறை புழுங்கியது.

"பேச்சி, பால்கனிக் கதவக் கொஞ்சம் தொற. வெக்க தாங்கல."

"புகை வருமே."

"ரெண்டு நிமிசம்."

மனமில்லாமல்தான் திறந்தாள். கீழே ஏதோ சீறியது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் ராக்கெட் ஒன்று உள்ளே பாய்ந்து, சுவரில் மோதி வெடித்தது. காது அடைத்துப்போனது. பார்த்தால் திரைச்சீலையின் ஓரத்தில் தீ ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே கட்டில். கட்டிலை ஒட்டிச் சிலிண்டர்.

ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஊதுபத்திகூடக் கொளுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சிலிண்டரை மூடினால் இவருக்கு மூச்சு? சிலிண்டரின் திருகைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அடைச்சிரு" என்றார் அவர்.

அடைத்தாள். குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, அவருடைய அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்தாள். மாடிப்படியில் உட்காரவைத்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

கீழ்வீட்டு ஹரி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். அவனும் மனைவியுமாக மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிறகு சிலிண்டரைக் குழாயோடு வெளியே உருட்டி வந்தான்.

"ஒரு பொறிகூட இல்லையே? நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் ஆன்ட்டி. தொறங்க."

அப்போதும் அவளுக்குக் கை வரவில்லை. குழாயை அவர் மூக்கில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். சிதம்பரநாதனின் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தபின்தான் அவள் படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

ஹரி தலை நிமிரவில்லை. "காலி வாட்டர் பாட்டில்ல வெச்சுக் கொளுத்தினேன் ஆன்ட்டி. பாட்டில் சாஞ்சிடுச்சு."

"சாயும்லா. மேல ஆளு இருக்கம்னு தெரியும்லா."



இந்த வருடம் அந்தக் குடியிருப்பில் ராக்கெட் கிடையாது. மற்ற வெடிகளைத் தெருக்கோடியில் இருக்கும் மைதானத்தில், வாளிகளில் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் பார்த்திருக்கக் கொளுத்தினார்கள். ஹரிதான் வீடுவீடாகப் போய்ச் சொன்னான். பேச்சியம்மாள் சரி என்றாள். இருந்தாலும் முதல் நாளே கணவரை அழைத்துக்கொண்டு அடையாறில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போதும் கடைவாசலில் யாராவது தீக்குச்சி உரசினால், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பவள் பேச்சை நிறுத்திவிடுகிறாள். அது அணைகிறவரை வேறெங்கும் பார்ப்பதில்லை.