இராகுகாலத்தில் ஒரு வேட்புமனு

அந்தச் சனிக்கிழமைக் காலையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு இன்றும் சற்று விரைந்தே துடிக்கிறது. மலேசியாவில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இரண்டாம் முறையாகத் தேர்தலில் நிற்கிறார். அவரை முன்மொழிந்து கையொப்பமிட்டவன் நான். கோலசிலாங்கூர் மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையே வேட்புமனுவைக் கொடுத்தாக வேண்டும். பத்தடித்தால் கதவை மூடிவிடுவார்கள். ஆனால், எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டியின்படி, சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம்.

வேறொருவராயின் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பார். அவரோ இராகுகாலத்தில் புதுச் சட்டைகூடப் போடாதவர். நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியனானேன். அவர் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாகிக் கணக்கெழுதினார், பிறகு கோவில் தலைவரானார், அங்கிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். போன இடத்திலும் அவர் மாறவில்லை. நெற்றியில் திருநீறும் கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டுமாக அவர் ஷா ஆலம் சட்டமன்றத்துப் படியேறும்போது இளைய உறுப்பினர்கள் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்களாம். கோவில் தேரை டிராக்டரால் இழுக்கலாகாது, மனிதக் கைதான் வடம் பிடிக்க வேண்டும் என்பார். திருவிழாவில் திரைப்பாட்டு ஒலித்தால் ஒலிபெருக்கியின் கம்பியைத் தாமே பிடுங்கிவிடுவார். பழைய வானொலி என்று பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஆயினும் அந்தப் பழைய வானொலி ஒருநாள் அவையை அதிரவைத்ததை நான் பார்வையாளர் மாடத்திலிருந்து கண்டேன். தோட்டங்களுக்கு அருகில் மதுக்கடை உரிமங்களைத் தளர்த்தலாமா என்ற விவாதம். காலம் மாறிவிட்டது என்றார் ஓர் உறுப்பினர். எங்களவர் எழுந்தார். "காலம் மாறியிருக்கலாம். குடித்துவிட்டு வரும் கணவன் அடிக்கும் அடி மாறவில்லை" என்று மலாய்மொழியில் சொல்லிவிட்டு அமர்ந்தார். நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். காவலர் வந்து வெளியேற்றிவிடுவதாக எச்சரித்தார். அந்த மகிழ்ச்சியில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

ஒரே ஒரு குறை. எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலைக்குத் தார் போடுவதாக அவர் வாக்களித்திருந்தார். அது தோட்டத்து நிலமா, அரசு நிலமா என்ற இழுபறியில் அவருடைய முதற்பதவிக்காலம் முழுவதும் கழிந்தது. சாலை போடாமல் பதவியை விட்டு இறங்கினால் அந்தச் சாலையிலேயே நடக்க முகமிராது என்பார். ஆகவே, அவர் மீண்டும் நின்றேயாக வேண்டும்.

முதல் தேர்தலில் வேட்புமனு நாள் ஞாயிறாக அமைந்ததால் இடரில்லை. இம்முறை அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்பது மணிக்கு முன்னரே மண்டபத்து வாயிலுக்குள் வலக்காலை வைத்துவிட வேண்டும். நல்ல நேரத்தில் தொடங்கிய செயலை இராகு ஒன்றும் செய்யாது என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை.

விடியுமுன்பே நான் அவர் வீட்டில் இருந்தேன். கதிரவனைக் கும்பிடாமல் அவர் பச்சைத் தண்ணீரும் பருகமாட்டார். வெளியே இருள். நான் இரண்டு குவளைத் தேநீர் குடித்து முடித்தேன். ஏழு மணி அடித்துச் சற்று நேரம் கழிந்தபின் எண்ணெய்ப்பனைகளுக்குமேல் செந்நிறம் எழுந்தது. அவர் கைகூப்பினார், நாங்கள் வேனில் கிளம்பினோம்.

ஈஜோக் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை நின்றுபோயிருந்தது. பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று பின்கதவு திறந்து, பாதிச் சுமையைச் சாலையில் கொட்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வேட்பாளரே குலைகளை உருட்டத் தொடங்கினார். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே, "இழுங்கப்பா, இழுங்க!" என்று கூவினார். நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது மணி ஒன்பதைக் கடந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

வாயிலில் திருவிழாக் கூட்டம். கொடிகள், முழக்கங்கள், உறுமி மேளம். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். அவரோ வேனிலிருந்து இறங்கவில்லை.

கோவில் மகளிர் அணித் தலைவி, நாற்பதாண்டு ரப்பர்ப் பால்மரம் சீவியவர், சன்னலில் தட்டினார்.

"என்னா ஒய்பி, வேன்லயே குடித்தனம் நடத்தப் போறீங்களா? எறங்குங்கலா!" சட்டமன்ற உறுப்பினரை இங்கு எல்லோரும் ஒய்பி என்றே அழைப்பார்கள்.

"அக்கா, ராகுகாலம் பொறந்துருச்சு. எப்படி எறங்குறது?"

"நாங்க சனிக்கெழம ஒம்போது மணிக்கு மரத்தடியில நிக்கலையா? ராகுகாலம்னு வேல வாங்குற மண்டோர் லீவா குடுத்தான்?"

"அது தெனம் செய்யிற வேலைக்கா. இது புதுசாத் தொடங்குறது. ரெண்டும் ஒண்ணா?"

"அப்ப தோத்துட்டு வீட்டுல உக்காருங்க. அதுக்கு நாளெல்லாம் நல்ல நேரந்தான்!"

எதிரணி இளைஞர்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. "ஒய்பிக்குக் காலு வரலையா? தூக்கிட்டு வரவா?" என்று கூச்சலிட்டார்கள். உறுமி இன்னும் வேகமாக முழங்கியது. மணி ஒன்பதரை. என் உள்ளங்கை வேர்த்து, மனு வைத்திருந்த உறை நனைந்தது.

"முன்மொழிந்தவனும் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா?" என்றேன்.

"யாரு குடுத்தாலும் பேரு என்னோடதுதானே, வாத்தியாரே."

அப்போது வெயில் சன்னல்வழியே சாய்ந்து அவர் நெற்றித் திருநீற்றில் விழுந்தது. காலையில் குடித்த இரண்டு குவளைத் தேநீர் என் நினைவுக்கு வந்தது. மின்னல் வெட்டியதுபோல் இருந்தது எனக்கு!

"இன்றைக்குச் சூரியனை எப்போது கும்பிட்டீர்கள்?"

"ஏழு தாண்டி. நீங்கதான் கூடவே நின்னீங்களே."

"நாட்காட்டியில் சூரிய உதயம் எத்தனை மணி?"

"ஆறு." சொல்லிவிட்டு அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

இராகுகாலம் என்பது கதிரவன் எழும் நேரத்திலிருந்து பகலை எட்டாகப் பகுத்துக் காண்பது. சனிக்கிழமைக்கு மூன்றாம் பகுதி. தமிழகத்தில் ஆறு மணிக்கு எழும் கதிரவனைக் கொண்டு குறித்த நேரத்தை நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்தார்கள். நாமும் ஆண்டுதோறும் மாற்றாமல் சுவரில் மாட்டினோம். இங்கோ ஏழுக்குமேல்தான் விடிகிறது. எல்லாம் ஒரு மணிக்குமேல் தள்ளிப்போக வேண்டும். ஒன்பது முதல் பத்து வரை தூய நேரம்! இராகு வரப் பத்தேகால் ஆகும்! அந்த நாட்காட்டியின் தாளைக் கிழித்தே வளர்ந்த நானும் அதுவரை இதை எண்ணிப் பார்த்ததில்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கட்டுப்படவில்லை.

அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "இருங்க வாத்தியாரே. போன தடவ நான் திங்கக்கெழமதானே பதவிப் பிரமாணம் எடுத்தேன்? ஏழரைலேருந்து ஒம்போது ராகுகாலம்னு, ஒம்போதரை வரைக்கும் காத்திருந்துல்ல எடுத்தேன்?"

நான் விரல்விட்டுக் கணக்கிட்டேன். எட்டேமுக்காலிலிருந்து பத்தேகால். நட்டநடு இராகுகாலம்.

சன்னலருகே நின்ற மகளிர் தலைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அடப்பாவி மனுசா! அதனாலதான் எங்க ரோடு வரலையா?"

ஒய்பி வெடித்துச் சிரித்தார். அவரை அப்படிச் சிரிக்க நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. "அப்ப இத்தனை வருசமும் ராகுவ மடியில வெச்சிக்கிட்டேவா சட்டமன்றத்துல பேசினேன்? வழி விடுங்கக்கா!"

என் கையிலிருந்த உறையைப் பிடுங்கிக்கொண்டு, கதவைத் திறந்து குதித்தார். அறுபதைக் கடந்த மனிதர், ஒரு கையில் வேட்டி நுனி, மறுகையில் உறை, வாயிலை நோக்கி ஓடினார். பின்னால் நான், என் பின்னால் உறுமி. பெண்கள் குலவையிட்டார்கள். கேலி செய்த இளைஞர்களே விலகி வழிவிட்டு, "ஓடுங்க ஒய்பி, ஓடுங்க!" என்று கத்தினார்கள். வாயிலில் மட்டும் ஒருகணம் நின்று வலக்காலை எடுத்து வைத்தார். தேர்தல் அதிகாரி மனுவை வாங்கியபோது சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பதைக் கடந்திருந்தது. இன்னும் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன.

பதினோரு மணியளவில் வேட்பாளர் பெயர்களை அறிவித்தார்கள். எல்லோரும் ஆரவாரித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர் மட்டும் எழவில்லை. பணியாளர்கள் நெகிழி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்து, அவரது நாற்காலியை விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கிப் போனார்கள். மகளிர் தலைவி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்னா தம்பி?"

"இப்பத்தான்கா நெசமான ராகுகாலம். பதினொன்னேமுக்கால் வரைக்கும் காலை வெளிய வைக்க மாட்டேன்."

தலைவி தலையில் அடித்துக்கொண்டார். "சரி, உக்காருங்க. ஆனா இனிமே ரோட்டுக்கு ராகுவைச் சாக்கு சொல்ல முடியாதுலா."

எங்களவர் வென்றார். இரண்டாம் பதவிப் பிரமாணத்துக்கான நேரத்தை நானே கணித்துக் கொடுத்தேன். நில இழுபறியை அவர் எத்தனை அலுவலகங்களில் அமர்ந்து தீர்த்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தார் ஏற்றிய வண்டி எங்கள் செம்மண் சாலைக்குள் நுழைந்த நாள், வியப்பாக, ஒரு சனிக்கிழமை, நேரம் ஒன்பதரை. தோட்டமே சாலையோரம் திரண்டு நின்றது. மகளிர் தலைவி இடுப்பில் கைவைத்து ஒய்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஊத்தச் சொல்லுங்க வாத்தியாரே! பத்தேகால் வரைக்கும் நம்ம நேரந்தான்!"