பள்ளியின் பெயர் கேட்ட படிவம்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது தேவகி போனில் அழைத்தாள். "டீச்சர், கலாவதி மிஸ் பூட்டாங்க." காலையில் நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. செங்கல்பட்டு ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கலாவதியின் கோவளம் வகுப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பள்ளியை இடையில் விட்ட பெண்களை ஒரு வாடகை அறையில் உட்காரவைத்து, திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குத் தயார்செய்தார். அரசுப் பள்ளி ஆசிரியையான நான் சனிக்கிழமைகளில் அங்கே கணக்கு நடத்தினேன். அம்மா படுக்கையில் விழுந்ததால் எட்டாம் வகுப்போடு நின்ற தேவகி, அங்கே படித்து பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணை அந்த ஆண்டு என் பள்ளியில் ஒருவரும் வாங்கவில்லை.

நன்றாகப் படிப்பவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகைக்காக மூவரும் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் பள்ளியின் பெயர் கேட்ட இடத்தை நிரப்ப எங்களிடம் எதுவுமில்லை.

"ஸ்கூலே இல்லாம மார்க் எப்டிம்மா வந்துச்சு?" என்று எழுத்தர் சிரித்தார்.

"படிச்சதால வந்துச்சு சார்" என்றார் கலாவதி.

படிவம் எங்கள் பக்கமே திரும்பி வந்தது.

பிறகு மூன்று ஆண்டுகள் கலாவதி மனுமேல் மனு போட்டார். அதில் ஒன்றுக்கு என் கையெழுத்தைக் கேட்டார். இடமாற்றத்துக்குப் பயந்து மறுத்தேன். "உனுக்கு வேல கீது. அந்தப் பொண்ணுக்கு இன்னா கீது?" என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டார்.

சென்ற ஆண்டு ஆணை வந்தது. திறந்தநிலைப் பள்ளியில் தேறுகிறவர்களுக்கும் உதவித்தொகை உண்டு, ஆனால் இனிமேல் தேறுகிறவர்களுக்குத்தான். தேவகி அதற்குள் கல்லூரி ஆசையை விட்டு இறால் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். இனிப்போடு போன என்னை, பெட்டியைப் பிரிக்கவே கலாவதி விடவில்லை.

"கதவத் தொறந்தானுங்க. வாசல்ல நின்னுகினு இருந்தவள மட்டும் உள்ள வுடல. இன்னொரு தபா எழுதணும்."

எழுதினார். பதில் வருவதற்குள் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில், அவரைப் பலமுறை திருப்பி அனுப்பிய அதிகாரி "கல்விக்காகவே வாழ்ந்தவர்" என்று உருகினார். தேவகி எழுந்தாள். "அந்த ஆர்டர்ல எனுக்கு ஏன் சார் எடமில்ல?" விதிமுறை அப்படி என்றார் அவர். கூட்டம் தலைகுனிந்து இருந்தது. நானும்தான்.

கலாவதியின் பொறுமையை அன்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் அறிந்த கலாவதி பொறுமைசாலி இல்லை. வேறு வழியில்லாமல் வரிசையில் நின்ற கோபக்காரி. அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை ஆறவிட மாட்டேன்.